இடது கை வாசிக்கும் பாட்டு

புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி போகும் சாலையில் இருக்கிறது திருவரங்குளம். சோழர் காலத்து அரங்குளநாதர் கோயிலும் ஊராட்சி ஒன்றிய அலுவலகமும் உள்ள ஊர். இந்த வட்டாரத்தில் கோயில் திருவிழா என்றால் ஓர் இரவாவது நாடகம் இருக்க வேண்டும். அதிலும் பெரும்பாலும் ‘வள்ளி திருமணம்’தான். மேடையின் ஓரத்தில் ஆர்மோனியக்காரர் உட்கார்ந்திருப்பார். நாடகக்காரர்கள் அவரைப் ‘பின்பாட்டு’ என்பார்கள். காலால் மிதித்துத் துருத்தியை இயக்கும் கால் ஆர்மோனியம் என்றால் அவருக்கு இரண்டு கைகளும் கிடைத்துவிடும். ஆனாலும் இரண்டும் பெரும்பாலும் ஒரே மெட்டைத்தான் வாசிக்கும். வலது கை வாசிக்கும் அதே சுரங்களை இடது கை ஒரு ஸ்தாயி கீழே வாசிக்கும். ஒலி கனக்கும், கடைசி வரிசைவரை எட்டும். மெட்டு என்னவோ ஒன்றுதான்.

அதே ஊர்ப் பையன் ஒருவன் கைப்பேசியில் கேட்கும் பியானோ கவரில், அதாவது திரைப்பாட்டைப் பியானோவில் மட்டும் வாசித்த பதிவில், இரண்டு கைகளும் இரண்டு வேலை பார்க்கின்றன. வலது கை பாட்டை வாசிக்கிறது. இடது கை பாட்டை வாசிப்பதே இல்லை. கீழே ஒரு சுரத்தைத் தட்டுகிறது, மூன்று சுரங்களைச் சேர்த்து அமுக்குகிறது, சில நேரம் ஒன்றன்பின் ஒன்றாக உதிர்க்கிறது. கேட்பவருக்கு மெட்டு ஏற்கெனவே மனப்பாடம். எஸ்.பி.பி. எங்கே மூச்சு விடுவார், ஜானகி எங்கே சிரிப்பார் என்பது வரை தெரியும். ஆகவே வலது கை அவருக்குப் புதிதாக ஒன்றும் சொல்லப்போவதில்லை. அந்தக் கவர் கேட்கத் தகுந்ததா இல்லையா என்பது இடது கையில் இருக்கிறது.

இதைக் கேட்டு ரசிக்க மேற்கத்திய இசை படித்திருக்க வேண்டியதில்லை. ச ரி க ம ப த நி தெரிந்தால் போதும். ஆர்மோனியத்தில் ‘ஒரு கட்டை’ என்று சொல்லும் வெள்ளைக் கட்டையைச் சட்ஜமாக வைத்துக்கொள்வோம். அதை மட்டும் அழுத்தினால் ஒற்றைச் சுரம். அதோடு அந்தர காந்தாரத்தையும் பஞ்சமத்தையும் சேர்த்து அழுத்தினால் மேஜர் கார்ட். நடுவில் இருக்கும் காந்தாரத்தை மட்டும் ஒரு கட்டை இறக்கிச் சாதாரண காந்தாரமாக்கினால் மைனர் கார்ட். ஒரு விரல் ஒரு கட்டை நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் மலர்ச்சியாக இருந்த ஒலி சட்டென்று உள்வாங்கிக்கொள்ளும். இசை தெரியாதவர் காதுக்கும் அந்த மாற்றம் எட்டும்.

இனி ஒரு சின்னச் சோதனை. கீபோர்டு இருக்கும் வீட்டில் எவரும் செய்து பார்க்கலாம். வலது கை மேல் சட்ஜத்தை விட்டு நகரவே வேண்டாம். இடது கை முதலில் ச–க–ப என்ற கார்டை அமுக்கட்டும். அடுத்து சுத்த மத்யமத்தை அடியாக வைத்து ம–த–ச. மூன்றாவதாகச் சதுஸ்ருதி தைவதத்தை அடியாக வைத்து த–ச–க. மேலே ஒலிப்பது மூன்று முறையும் அதே சட்ஜம். ஆனால் முதல் முறை அது வந்து சேர்ந்த இடமாக ஒலிக்கும், இரண்டாம் முறை கூரையேறி நிற்கும், மூன்றாம் முறை ஏக்கமாகத் தொனிக்கும். ஒரே ஆள் பிறந்த வீட்டில் மகன், மாமனார் வீட்டில் மருமகன், அக்கா வீட்டில் தாய்மாமன். யார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பொறுத்து அவர் குரலே மாறிவிடுமல்லவா?

பியானோ கவர் வாசிப்பவரின் கற்பனைக்கு இடம் இங்கேதான். மெட்டை மாற்ற அவருக்கு உரிமை இல்லை, மாற்றினால் ரசிகர்கள் விடமாட்டார்கள். மெட்டின் ஒவ்வொரு சுரத்தையும் யார் வீட்டில் உட்கார வைப்பது என்று முடிவு செய்யும் உரிமை மட்டும் அவருக்கு உண்டு.

சுரத்தின் மேல் சுரம் அடுக்கும் இந்தப் பழக்கம் நம் மண்ணில் முளைத்ததல்ல. அதற்கு எழுத்துச் சான்று இதே மாவட்டத்தில் கல்லில் இருக்கிறது. புதுக்கோட்டையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தள்ளியுள்ள குடுமியான்மலையில், மேலைக்கோயில் குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில் கிரந்த எழுத்தில் ஓர் இசைக் கல்வெட்டு உண்டு. அதை மகேந்திரவர்மப் பல்லவனோடு சேர்த்துச் சொல்வது வழக்கம், மறுப்பவர்களும் இருக்கிறார்கள். ஏழு பிரிவுகள், ஏழு கிராம ராகங்கள், நான்கு நான்காகக் கோத்த சுரங்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பு இசையைக் குறித்துவைத்தவர் எவ்வளவு நுட்பமானவர் என்பதற்கு அந்தப் பாறை சாட்சி. அங்கே ஒரு சுரத்தை அடுத்து இன்னொரு சுரம் வருகிறது. ஒரு சுரத்தின் மேல் இன்னொன்று ஏறுவதில்லை. நம் இசை தன் முழு மூளையையும் மெட்டின் நெளிவுசுளிவில் செலவழித்தது. மேலைநாட்டார் மெட்டைக் கொஞ்சம் எளிமையாக வைத்துக்கொண்டு அடுக்கில் செலவழித்தார்கள். எது உயர்வு என்று பட்டிமன்றம் நடத்த இது இடமல்ல.

இரண்டும் சந்தித்த முதல் இடங்களில் ஒன்று முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்கள். ஆங்கிலேயர் பேண்டு வாத்தியத்தில் கேட்ட மெட்டுகளுக்கு அவர் சமஸ்கிருத சாகித்தியம் எழுதினார். அவ்வளவும் சங்கராபரணச் சுரங்களில் அமைந்தவை. கவனித்துப் பார்த்தால் அவர் மெட்டை மட்டும் எடுத்துக்கொண்டு அடியில் இருந்த அடுக்கை அப்படியே விட்டுவிட்டது புரியும். வேண்டாம் என்று தள்ளியதாகக் கொள்ளத் தேவையில்லை. பாடுகிறவருக்கு ஒரு குரல்தானே உண்டு? பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அ.மு. சின்னசாமி முதலியார் எதிர்த்திசையில் ஒரு வேலை செய்தார். கர்நாடகக் கீர்த்தனைகளை மேற்கத்திய ஐந்து கோட்டுக் குறிப்பில் எழுதி 1893-ல் சென்னையில் பெரிய நூலாகக் கொண்டுவந்தார்.

ஆனால் சாதாரணத் தமிழர் காதுக்கு இந்தச் சுர அடுக்கு, அதாவது ஆர்மனி, வந்து சேர்ந்தது புத்தக வழியாக அல்ல. தேவாலயங்களில் பாடகர் குழு பாமாலைகளை நான்கு குரலாகப் பிரித்துப் பாடியது. அதற்குப் பிறகு சினிமா. எம்.எஸ்.விஸ்வநாதன் காலத்து இசைக்குழுவில் ஹென்றி டேனியல், ஜோசப் கிருஷ்ணா போன்ற உதவியாளர்கள் இருந்தார்கள். ‘புதிய பறவை’யின் (1964) ‘பார்த்த ஞாபகம் இல்லையோ’ இன்றைக்கும் கிளப் இசை மணத்தோடு நிற்பதற்கு மெட்டு பாதிக் காரணம், பின்னால் நின்ற வாத்தியங்கள் பாதிக் காரணம்.

மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டர் பியானோவும் மேற்கத்திய இசை இலக்கணமும் சொல்லிக்கொடுத்தார். அவரிடம் படித்தவர்களில் பண்ணைப்புரத்திலிருந்து வந்த இளையராஜாவும் உண்டு, பின்னாளில் ஏ.ஆர்.ரஹ்மானும் உண்டு. 1976-ல் ‘அன்னக்கிளி’ வந்தது. அதற்குப் பிறகு நடந்ததைத் தமிழர்களுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. ஒன்றை மட்டும் நினைவூட்டலாம். இளையராஜா ஒலிப்பதிவுக்கு முன்பே ஒவ்வொரு வாத்தியத்துக்கும் உரியதை நோட்டேஷனாகக் கையால் எழுதிவிடுவார். வயலின்கள் என்ன வாசிக்க வேண்டும், புல்லாங்குழல் எங்கே நுழைய வேண்டும், பேஸ் கிட்டார் எந்தச் சுரத்தில் நிற்க வேண்டும் என்பதெல்லாம் தாளில் இருக்கும். அந்த வழியில் நடந்தவர்தான் 2025 மார்ச் 8 அன்று லண்டனில் தம்முடைய சிம்பொனியை அரங்கேற்றினார்.

பியானோ கவர் வாசிப்பவருக்கு ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. அந்தத் தாள்கள் அவர் கைக்கு வருவதில்லை. ஹங்கேரியைச் சேர்ந்த பிரான்ஸ் லிஸ்ட், பீத்தோவனின் ஒன்பது சிம்பொனிகளையும் ஒற்றைப் பியானோவுக்கு மாற்றி எழுதினார். ஒன்பதும் 1865-க்குள் அச்சாகிவிட்டன. முழு ஆர்கெஸ்ட்ராவைப் பத்து விரலுக்குள் அடைத்த அந்த வேலை அசுர வேலைதான். ஆனால் லிஸ்டின் மேஜையில் பீத்தோவன் எழுதிய நோட்டேஷன் விரித்து வைக்கப்பட்டிருந்தது. ‘பூவே செம்பூவே’யைப் பியானோவில் வாசிக்க ஆசைப்படும் இளைஞருக்குக் கிடைப்பது ஓர் ஒலிப்பதிவு மட்டும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முன்னும் பின்னும் ஓட்டிக்கொண்டு, வயலின்களுக்கு அடியில் செல்லோ என்ன செய்கிறது என்று காதால் துழாவ வேண்டும். நல்ல கவர் ஒவ்வொன்றுக்கும் பின்னால் இந்தக் கூலியில்லாத உழைப்பு இருக்கிறது.

காது பிடித்துவிட்டால் போதுமா? அடுத்த சிக்கல் ராகம்.

சில ராகங்கள் கார்டுக்கு வளைந்து கொடுக்கும். கீரவாணி அப்படி ஒன்று. அதன் சுரங்களும் மேற்கத்திய ஆர்மோனிக் மைனர் ஸ்கேலின் சுரங்களும் ஒன்றே. ‘ரெட்டை வால் குருவி’யின் (1987) ‘ராஜ ராஜ சோழன் நான்’ கீரவாணிச் சுரங்களில் அமைந்தது. அதைப் பியானோவில் வாசிக்கும்போது பஞ்சமத்தை அடியாக வைத்து ஒரு கார்ட் கட்டினால் ப–நி–ரி வரும். கீரவாணியில் நிஷாதம் காகலி நிஷாதம். அதனால் அது மேஜர் கார்ட். அந்தக் காகலி நிஷாதம் மேல் சட்ஜத்துக்கு ஒரே ஒரு கட்டை கீழே நின்றுகொண்டு வீட்டுக்குள் போகத் துடிக்கும். அடுத்து ச–க–ப வந்ததும் கேட்பவருக்கு அப்பாடா என்று இருக்கும். ‘மூடுபனி’யின் (1980) ‘என் இனிய பொன் நிலாவே’ நடபைரவி. அங்கே கைசிகி நிஷாதம். ஆகவே ப–நி–ரி மைனராகிவிடுகிறது, அந்த இழுப்பு தளர்ந்துவிடுகிறது. பாட்டு எங்கேயும் அவசரப்படாமல் மிதப்பதற்கு அதுவும் ஒரு காரணம். இந்த இரண்டு பாட்டுக்கும் ஒரே கார்ட் வரிசையைப் போட்டு வாசிப்பவர்கள் உண்டு. மெட்டு என்னவோ சரியாகத்தான் இருக்கும், பாட்டு மட்டும் வேறு யாருடையதோ போல ஒலிக்கும்.

ஹிந்தோளத்துக்கு வந்தால் வம்பு கூடும். ச, சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், சுத்த தைவதம், கைசிகி நிஷாதம்: ஐந்தே சுரங்கள். ரிஷபமும் இல்லை, பஞ்சமமும் இல்லை. ‘தர்ம பத்தினி’யின் (1986) ‘நான் தேடும் செவ்வந்திப் பூவிது’ இந்த ராகம். கீபோர்டு கற்றுக்கொண்ட புதிதில் எவரும் முதலில் செய்வது, சட்ஜத்தில் மெட்டு நிற்கும் இடத்தில் ஒரு மைனர் கார்டை அமுக்குவது. ச–க–ப. அந்தப் ப எங்கிருந்து வந்தது? ராகத்தில் அதற்கு இடமே இல்லை. இந்த ஐந்து சுரங்களை மட்டும் வைத்து முழுதாகக் கட்டக்கூடிய மூன்று சுரக் கார்டுகள் இரண்டே இரண்டு. ஒன்று ம–த–ச, மற்றது த–ச–க. காகிதத்தில் எழுதி யாரும் சரிபார்த்துக்கொள்ளலாம்.

அப்படியானால் என்ன வழி? தேர்ந்த வாசிப்பாளர்கள் பல வழி வைத்திருக்கிறார்கள். அந்த இரண்டு கார்டுகளுக்குள்ளேயே சுற்றி வரலாம். சட்ஜத்தில் நிற்கும்போது கார்டே போடாமல் கீழே ச–ம என்ற இரண்டு சுரங்களை மட்டும் ஒலிக்கவிடலாம். அல்லது பஞ்சமத்தைத் தெரிந்தே, ஒரு கணம், இடது கையின் நடுவில் ஒளித்து வைத்துவிட்டு நகரலாம். மூன்றாவது துணிச்சல். தெரிந்து மீறுவதற்கும் தெரியாமல் இடறுவதற்கும் காதில் நல்ல வித்தியாசம் தெரியும். ராகத்தில் இல்லாத சுரம் வரவே கூடாது என்று அடம்பிடித்தால் திரையிசையில் பாதியைக் குப்பையில் போட வேண்டியிருக்கும். வந்தால் ஏன் வந்தது என்று காதுக்குப் புரிய வேண்டும், அவ்வளவுதான் கேட்கலாம்.

கமகம், அதாவது சுரத்தை அசைத்தும் வழுக்கியும் கொண்டுபோவது, அடுத்த முள். பியானோவில் ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் இடையே ஒன்றும் கிடையாது. வீணைக் கம்பியைப் போல இழுக்க முடியாது, குரலைப் போல வழுக்கவும் முடியாது. ஆர்மோனியத்துக்கும் இதே குறைதான். அகில இந்திய வானொலி 1940-ல் ஆர்மோனியத்தைத் தடை செய்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். தாகூருக்கும் அந்த வாத்தியம் ஆகாது. தடை தளர்வதற்கு 1971 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த முப்பது ஆண்டுகளில் நாடக மேடையில் ஒரு பின்பாட்டுக்காரரும் தம் பெட்டியை மூடிவைக்கவில்லை என்பது வேறு விஷயம்.

ரீதிகௌளை இந்தச் சிக்கலுக்கு நல்ல உரைகல். ‘கவிக்குயில்’ (1977) படத்தில் பாலமுரளிகிருஷ்ணா பாடிய ‘சின்னக் கண்ணன் அழைக்கிறான்’ அந்த ராகம். ‘சுப்ரமணியபுரம்’ (2008) படத்தில் ஜேம்ஸ் வசந்தன் இசையமைத்த ‘கண்கள் இரண்டால்’ பாட்டும் அதே ராகம். இரண்டையும் பியானோவில் வாசிக்கிறவர்கள் ஏராளம். இரண்டாவது எளிதாக உட்காரும். மெட்டின் கட்டுமானத்திலேயே தாள நடையும் கார்டும் கலந்திருக்கின்றன. முதலாவது முரண்டு பிடிக்கும். பாலமுரளி ஒரே சுரத்தை அசைத்து அசைத்துக் கொண்டுபோகும் இடத்தில் பியானோ வாசிப்பவர் பக்கத்துக் கட்டையை ஒரு கணம் உரசிவிட்டு மூலச் சுரத்தில் விழுகிறார். காது அதைக் கமகமாக எடுத்துக்கொள்கிறது, ஏமாற்று வித்தை என்று தெரிந்தும்கூட. எல்லா அசைவையும் இப்படி வாசித்தால் நெளிநெளியென்று சலிப்பூட்டும். எதை உரசுவது, எதை வெறும் சுரமாக விட்டுவிடுவது என்ற தேர்வில்தான் வாசிப்பவரின் ருசி வெளிப்படும்.

கர்நாடக இசையோடு பியானோவை உட்காரவைக்க முடியுமா என்ற கேள்விக்கு மேடையிலேயே பதில் தேடியவர் சென்னையின் அனில் ஸ்ரீனிவாசன். பாடகர் சிக்கில் குருசரணோடு அவர் நடத்திய கச்சேரிகளில் பியானோ பாடகரைத் துரத்துவதில்லை. அசைவுகளையெல்லாம் குரலுக்கு விட்டுவிட்டு, அடியில் இடம் விட்டு இடம் விட்டுக் கார்டுகளை வைத்துப் போகும். துணைக்குக் குரல் இல்லாத பியானோ கவருக்கு அந்த வசதி கிடையாது. ஆனாலும் இடம் விடுவது என்ற பாடத்தைக் கவர் வாசிப்பவர் அங்கே படிக்கலாம்.

பியானோவுக்கு இன்னொரு பிறவிக் குணம் இருக்கிறது. சுத்தி கம்பியைத் தட்டியதுமே ஒலி தேயத் தொடங்கிவிடும். நம் பாட்டுகளிலோ நீண்ட கார்வைகள் அதிகம். பாடகர் ஒரு சுரத்தில் நாலு மாத்திரை நிற்பார், அடியில் தபலா நடந்துகொண்டிருக்கும். பியானோவில் அதே சுரம் இரண்டாவது மாத்திரையிலேயே மெலிந்துபோகும். அந்த வெற்றிடத்தை என்ன செய்வது என்பதில்தான் அரேஞ்ச்மெண்ட் என்ற வேலையே தொடங்குகிறது. சிலர் சுரத்தைத் திரும்பத் திரும்பத் தட்டுவார்கள். சிலர் மேலும் கீழும் ஸ்தாயி சேர்த்துக் கனமாக்குவார்கள். நல்லவர்கள் அந்த இடத்தில் மெட்டை விட்டுவிட்டு, மூலப் பாட்டில் அப்போது புல்லாங்குழலோ வயலினோ வாசித்த பதில் வரியைக் கொண்டுவந்து வைப்பார்கள். கேட்பவர் மனம் தானாகப் பாடகரின் குரலை நீட்டிக்கொள்ளும்.

அதற்கு மூலப் பாட்டின் ‘பிட்’டுகள் தெரிந்திருக்க வேண்டும். பல்லவிக்கும் சரணத்துக்கும் இடையே வரும் வாத்திய இசையை இசைக்கலைஞர்கள் அப்படித்தான் சொல்வார்கள். பல கவர்கள் இந்தப் பிட்டுகளை வெட்டிவிட்டு மெட்டிலிருந்து மெட்டுக்குத் தாவிவிடுகின்றன. தமிழ்ப் பாட்டைப் பொறுத்தவரை இது பெரிய குறை. ‘சிகப்பு ரோஜாக்கள்’ (1978) படத்தின் ‘நினைவோ ஒரு பறவை’யில் தொடக்கத்துக் குரல் அடுக்கை நீக்கிவிட்டால் மிச்சம் இருப்பது அழகான மெட்டுதான், ஆனால் அந்தப் பாட்டு அல்ல. கிட்டாரில் பிறந்த பாட்டுகள் இன்னொரு வகை. ‘பயணங்கள் முடிவதில்லை’யின் (1982) ‘இளைய நிலா’வில் சந்திரசேகரின் கிட்டார் கார்டை ஒவ்வொரு கம்பியாகப் பிரித்து உதிர்க்கும். கிட்டாருக்கு ஆறு கம்பிகள்தான், அதன் எல்லைக்குள்தான் கார்ட் விரியும். பியானோவின் இடது கை அதே கார்டை இன்னும் அகலமாக விரிக்கலாம். விரித்தால் ஒலி பெருகும், கிட்டாரின் நெருக்கமான அந்தரங்கம் போய்விடும். எதை இழந்து எதைப் பெறுவது? இதற்குப் பொதுவிதி கிடையாது.

பேஸ் பற்றிச் சொல்லாமல் இளையராஜா பாட்டைப் பற்றிப் பேச முடியாது. ‘பன்னீர் புஷ்பங்கள்’ (1981) படத்தின் ‘பூந்தளிர் ஆட’ பாட்டை மெட்டை மறந்துவிட்டு அடியை மட்டும் கேட்டுப் பாருங்கள். பேஸ் கிட்டார் தாளத்தோடு சேர்ந்து தட்டிக்கொண்டிருக்காமல் தானும் ஒரு பாட்டாக நடந்துபோகும். மேலே ஒரு மெட்டு, கீழே ஒரு மெட்டு, இரண்டும் ஒன்றையொன்று இடிப்பதில்லை. இந்த மாதிரிப் பாட்டுக்கு இடது கையில் கார்டை மட்டும் ‘டம் டம்’ என்று அமுக்குகிற கவர் மூலப் பாட்டின் பாதியைக் காதில் வாங்கவில்லை என்றுதான் பொருள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. ‘நாயகன்’ (1987) படத்தில் ‘தென்பாண்டிச் சீமையிலே’ பல இடங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. தாலாட்டும் ஒப்பாரியும் கலந்த நாட்டுப்புற மெட்டு. இதற்குப் போய் ஜாஸ் பாணியில் ஏழாம் சுரம், ஒன்பதாம் சுரமெல்லாம் சேர்த்து வரிக்கு எட்டுக் கார்ட் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். திறமைக்குக் குறைவில்லை. ஆனால் ஓர் ஊர்ச் சிறுவனுக்கு நட்சத்திர ஹோட்டல் கோட்டு மாட்டிவிட்டது போலாகிவிடுகிறது மெட்டு. இந்தப் பாட்டுக்கு இரண்டு மூன்று கார்டுகள் தாராளம். முதல் முறை பல்லவியைக் கார்டே இல்லாமல் ஒற்றைக் கையால் வாசித்துவிட்டு, இரண்டாம் முறை அடியில் ஒரே ஒரு சுரத்தைச் சேர்த்து, மூன்றாம் முறைதான் இடது கையை முழுதாக இறக்க வேண்டும். ஒரே மெட்டு மூன்று வயதில் கேட்கும். படத்தின் கதையும் அதுதானே?

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சென்னைச் சிறுவன் லிடியன் நாதஸ்வரம் 2019-ல் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியில் பத்து லட்சம் டாலர் பரிசு வென்றபோது உலகமே அவர் விரல் வேகத்தைக் கண்டு வாயைப் பிளந்தது. அது மெச்ச வேண்டிய சாதனைதான். ஆனால் அதன் பிறகு வேகமாக வாசிப்பதே பியானோ என்று நினைக்கிறவர்களும் பெருகிவிட்டார்கள். திரைப்பாட்டுக் கவரில் மெதுவான பாட்டுதான் கடினம். ‘கண்ணே கலைமானே’யில் ஒளிந்துகொள்ள இடமே இல்லை. ஒவ்வொரு கார்டும் தனித்தனியாகக் காதில் விழும், தவறாக ஒன்று வைத்தால் அடுத்தது வரும்வரை அது அங்கேயே நின்றுகொண்டிருக்கும்.

திருவரங்குளம் மாதிரி ஊரில் கச்சேரிப் பியானோ யார் வீட்டில் இருக்கும்? 88 கட்டைகள் கொண்ட அதன் எடைக்கும் விலைக்கும் கிராமத்து வீடுகள் தோதுப்படாது. கிடைப்பது 61 கட்டைக் கீபோர்டு. அதில் இரண்டு வசதிகள் உண்டு, இரண்டும் கற்றுக்கொள்பவரைக் கெடுக்கக் கூடியவை. ஒன்று ‘ஸ்டைல்’ பொத்தான். இடது கையால் ஒரு கார்டைத் தொட்டால் போதும், டிரம்ஸும் பேஸும் தானாக ஓடும். கல்யாண மண்டபக் கச்சேரிக்கு அது கைகொடுக்கும். ஆனால் பேஸ் எங்கே நடக்க வேண்டும் என்று முடிவெடுக்கும் வேலையை அது பறித்துக்கொண்டுவிடுகிறது. மற்றது ‘டிரான்ஸ்போஸ்’. எல்லாப் பாட்டையும் ஒரு கட்டையில், வெள்ளைக் கட்டைகளிலேயே வாசித்துவிட்டு, பொத்தானை அமுக்கி நாலரைக்கோ ஐந்தரைக்கோ ஏற்றிவிடலாம். கை கறுப்புக் கட்டைகளைப் பழகாமலேயே போய்விடும். இந்த இரண்டு பொத்தான்களையும் ஓர் ஆண்டு தொடாமல் இருந்தால் 61 கட்டைகளிலும் நல்ல கவர் வாசிக்கலாம். சஸ்டைன் பெடல் ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது. அதிலும் கார்ட் மாறும்போதெல்லாம் காலை எடுத்து வைக்கக் கற்க வேண்டும், இல்லையென்றால் பழைய கார்டும் புதிய கார்டும் குழம்பி இரைச்சலாகும்.

சொல்லிக்கொடுக்க யார் இருக்கிறார்கள் என்பது அடுத்த கேள்வி. புதுக்கோட்டையில் மாவட்ட அரசு இசைப்பள்ளி உண்டு. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் என்று தமிழ்நாட்டின் மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் சொல்லித்தரும் பாடங்கள் ஏழு. கீபோர்டு அதில் இல்லை. டிரினிட்டி கல்லூரியின் கிரேடு தேர்வுக்குத் தயார் செய்யும் தனியார் வகுப்புகள் பல நகரங்களில் நடக்கின்றன. அங்கே படிப்பவர்களுக்கு நோட்டேஷன் நன்றாக வரும், ஹிந்தோளத்தில் பஞ்சமம் இல்லை என்று அங்கே யாரும் சொல்லித்தருவதில்லை. இசைப்பள்ளியில் படிப்பவர்களுக்கு ஹிந்தோளம் தெரியும், த–ச–க என்று அடுக்கினால் என்ன ஒலிக்கும் என்று தெரியாது. இரண்டு பேரையும் ஒரு கீபோர்டின் முன்னால் ஒரு மாலை உட்காரவைத்தாலே பாதிச் சிக்கல் தீரும். எட்டாவது பாடமாகக் கீபோர்டைச் சேர்ப்பது பற்றி அரசு யோசிக்கலாம். நாதசுரத்துக்கோ தவிலுக்கோ அதனால் ஒரு குறையும் வந்துவிடாது.

கேட்கிறவர்களுக்கு ஒரு நடைமுறை யோசனை. கைப்பேசியின் சின்ன ஒலிபெருக்கியில் பியானோவின் கீழ்ச் சுரங்கள் கிட்டத்தட்டக் கேட்காது. இடது கை என்ன வாசித்தாலும் அங்கே வலது கையின் மெட்டு மட்டும் கணீரென்று வரும், எல்லாக் கவரும் ஒன்றுபோலவே தோன்றும். இயர்போனை மாட்டிக்கொள்ளுங்கள். முதலில் மூலப் பாட்டை ஒரு முறை கேட்டுவிட்டு, அதே பாட்டுக்கு இரண்டு வெவ்வேறு ஆட்கள் வாசித்த கவர்களை அடுத்தடுத்துப் போடுங்கள். மெட்டு மனத்தில் தானாக ஓடட்டும். காதை மட்டும் அடியில் வையுங்கள்.